பள்ளி நின்ற இடம்: தலித் தன்வரலாறுகளில் கிராமப் பள்ளி நினைவுகள்

தமிழில் பள்ளிப் படிப்பை நினைவுகூர்ந்து எழுதும் மரபு திண்ணையிலிருந்து தொடங்குவதாகவே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்தது. ஓலைச்சுவடி, சட்டாம்பிள்ளை, உபாத்தியாயரின் பிரம்பு, நல்லாசிரியரைத் தேடி ஊர்விட்டு ஊர் சென்ற குடும்பம் என அந்நூல் காட்டும் உலகம், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வி குறித்த ஆய்வுகளுக்கு இன்றும் முதன்மைச் சான்றாக விளங்குகிறது. அதற்கு ஓராண்டு முன்னர், 1939இல், மற்றொரு சிறு நூல் வெளிவந்தது. இரட்டைமலை சீனிவாசன் தம் வாழ்வைச் சுருக்கி எழுதிய ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்பது அது. இருவரும் ஏறத்தாழ ஒரே தலைமுறையினர். ஆயினும் இரு நூல்களும் அருகருகே வைத்துப் பேசப்படுவது அரிது.

இரட்டைமலை சீனிவாசன் தம் படிப்பைப் பற்றிச் சொல்வது மிகச் சில வரிகளே. கோயம்புத்தூரில் அவர் பயின்ற நிலையத்தில் ஏறக்குறைய நானூறு மாணவர்கள். அவர்களுள் பத்துப்பேர் தவிர மற்றையோர் பிராமணர். தம் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் பிறர்க்குத் தெரிந்துவிடுமோ என்னும் அச்சத்தால் அவர் எவரிடமும் நெருங்கிப் பழகவில்லை. வகுப்பு தொடங்கும்வரை வெளியிலே எங்கேனும் இருந்து படித்து, மணியடித்த பின்னரே உள்ளே நுழைவார். வகுப்பு முடிந்ததும் உடன்பயில்வோர் தம்மை எட்டிவிடாதபடி விரைந்து வீடு திரும்புவார். இந்நினைவில் ஆசிரியர் இல்லை, பாடம் இல்லை, நண்பர் இல்லை. பள்ளிக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட வழியே அதன் உள்ளடக்கம். சாமிநாதையருக்குப் பள்ளி என்பது ஆசிரியர். சீனிவாசனுக்குப் பள்ளி என்பது போய்வரும் பாதை.

இவ்வேறுபாடு தமிழ்த் தலித் தன்வரலாறுகள் அனைத்தையும் படிப்பதற்கு ஒரு திறவுகோலைத் தருகிறது. 1990களுக்குப் பின் வந்த இவ்வகை நூல்களைத் திறனாய்வு பெரிதும் ‘வலியின் எழுத்து’ என்றே வகைப்படுத்தியது. அவ்வகைப்பாடு தவறன்று, ஆனால் போதாது. வலி எந்தப் பள்ளியில் நேர்ந்தது, அப்பள்ளி எந்தத் தெருவில் நின்றது, யாருக்காகத் திறக்கப்பட்டது ஆகிய வினாக்களை அது எழுப்பவில்லை. அவ்வினாக்களை எழுப்பினால் இந்நூல்களில் பேசப்படும் பள்ளியும் பேசப்படாத பள்ளியும் தனித்தனியே புலப்படும்.

தனிப்பள்ளியின் தோற்றம்

திண்ணைப் பள்ளி என்னும் பெயரிலேயே அதன் எல்லையும் அடங்கியுள்ளது. திண்ணை வீட்டுக்கு உரியது. வீடு ஊருக்கு உரியது. அத்திண்ணையில் ஏறும் உரிமையற்றோருக்கு அப்பள்ளியும் இல்லை. இதனைத் தனியே ஒரு விதியாக எவரும் எழுதிவைக்க வேண்டிய தேவையே எழவில்லை. காலனிய அரசு பொதுப்பணத்தில் பள்ளி நடத்தத் தொடங்கியபோதுதான் இது ஒரு சிக்கலாக உருவெடுத்தது. 1856இல் தார்வாட் அரசுப் பள்ளியில் மகர் சாதிச் சிறுவன் ஒருவனுக்கு இடம் மறுக்கப்பட்டு அவன் செய்துகொண்ட முறையீடு, இந்தியக் கல்வி வரலாற்றில் நன்கு அறியப்பட்டது. 1882ஆம் ஆண்டு ஹண்டர் கல்விக் குழு, சாதி காரணமாக எவருக்கும் அரசுப் பள்ளியில் இடம் மறுக்கலாகாது என்னும் கொள்கையை ஏற்றுக்கொண்டது. அதே குழு, எதிர்ப்பு வலுவாக உள்ள இடங்களில் தனிப்பள்ளிகள் அமைக்கலாம் என்றும் பரிந்துரைத்தது. கொள்கையில் பொதுப்பள்ளியும் நடைமுறையில் தனிப்பள்ளியும் என்னும் இரட்டை நிலை இங்குத் தொடங்குகிறது.

சென்னை மாகாணத்தில் செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த டிரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையும், அதன் தொடர்ச்சியாக 1892இல் வெளியான நில ஆணையும் பஞ்சமி நிலத்தின் வரலாற்றில் பெரிதும் பேசப்படுகின்றன. 1893ஆம் ஆண்டின் கல்வி ஆணை அந்த அளவிற்குப் பேசப்படுவதில்லை. சேரிகளில் தனிப்பள்ளி திறப்பதற்கும், அங்குப் பணியாற்ற ஒடுக்கப்பட்டோரையே ஆசிரியராகப் பயிற்றுவிப்பதற்கும் வழிசெய்த ஆணை அது. அதற்கு முன்னரே சமயப் பரப்பு அமைப்புகள் சிற்றூர்களில் பள்ளிகள் நடத்திவந்தன. 1894இல் கர்னல் ஆல்காட் சென்னையில் தம் முதல் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1920ஐ ஒட்டித் தொழிலாளர் ஆணையர் பொறுப்பில் வந்த பள்ளிகளை மக்கள் ‘லேபர் பள்ளிக்கூடம்’ என்றனர். விடுதலைக்குப் பின் அவை அரிசன நலப் பள்ளிகளாயின. பின்னர் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாயின.

பஞ்சமர் பள்ளி, லேபர் பள்ளி, அரிசனப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி என இப்பெயர்களைத் தொடர்ந்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும். இவற்றுள் எதுவும் படிப்பின் பெயரன்று; படிப்போரின் பெயர். ஊரிலுள்ள பள்ளி ‘பள்ளி’ என்று மட்டும் வழங்க, சேரியிலுள்ள பள்ளிக்கு ஓர் அடைமொழி இன்றியமையாததாயிற்று. ‘பறையர்’, ‘பஞ்சமர்’ என்னும் பெயர்களை ஏற்க மறுத்து அயோத்திதாசர் தம் இதழில் இடையறாது எழுதியதை, சொல்லாராய்ச்சி ஆர்வமாக மட்டும் காண்பது பொருந்தாது. பெயர்ப்பலகையின் கீழே நாள்தோறும் நுழையும் பிள்ளைக்கு அது ஒரு பாடமாகவே அமையும் என்பதை உணர்ந்தவரின் எதிர்ப்பு அது. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் தொடங்கிய பள்ளிக்கு நந்தனார் பெயரைச் சூட்டினார். கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவராகச் சொல்லப்படும் ஒருவரின் பெயரை, அதே ஊரில், உள்ளே வந்து படிக்கும் இடத்திற்கு இட்டது எளிய செயலன்று. இதுவும் தனிப்பள்ளியே. ஆனால் அரசு இட்ட பெயருக்கும் ஒரு சமூகம் தானே இட்டுக்கொண்ட பெயருக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது.

திருவிதாங்கூரிலும் இதே இரு போக்குகளும் காணப்படுகின்றன. அய்யன்காளி வெங்ஙானூரில் தம் மக்களுக்கெனத் தொடங்கிய பள்ளி எரிக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் பிள்ளைகளுக்கு இடம் கோரிப் புலையர் சமூக வேளாண் தொழிலாளர்கள் வயலில் இறங்க மறுத்தனர். கூலிக்காக அன்றிப் பள்ளிக்காக நடந்த வேலைநிறுத்தம் என்னும் வகையில் அது இந்திய வரலாற்றில் தனித்துக் குறிக்கத்தக்கது. தமக்கெனப் பள்ளி, பொதுப்பள்ளியில் இடம் ஆகிய இரு கோரிக்கைகளையும் ஒரே இயக்கம் முன்வைத்தது என்பதும் கருதத்தக்கது. ஒன்றை மற்றொன்றின் மறுப்பாகக் காண்பது பிற்கால வாசிப்பின் குறை.

‘கருக்கு’: பள்ளிக்குச் செல்லும் தெரு

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தது. அதன் தொடக்கப் பகுதி ஊரை வருணிக்கிறது. மலை, கண்மாய், வயல் எனத் தொடங்கும் அவ்வருணனை மெல்லத் தெருக்களுக்கு வருகிறது. எந்தச் சாதியினர் எங்கே குடியிருக்கின்றனர் என்பதைச் சொன்னபின், அஞ்சலகம், ஊராட்சி அலுவலகம், பால் நிலையம், பெரிய கடைகள், கோயில், பள்ளிக்கூடங்கள் ஆகிய யாவும் மேல்சாதியார் வாழும் பகுதியிலேயே உள்ளன என்று கதைசொல்லி கூறுகிறாள். அப்படியிருக்க அவர்கள் ஏன் எங்கள் தெருவுக்கு வரப்போகிறார்கள் என்னும் பொருள்பட ஒரு கேள்வியும் அங்கே எழுகிறது. நாயக்கர் தெருவில் மேல்சாதிப் பிள்ளைகளுக்கு மட்டுமான பெரிய பள்ளியொன்றும் இருந்ததாக அப்பகுதி சுட்டுகிறது.

இப்பட்டியல் வெறும் ஊர் வருணனை அன்று. பள்ளியின் உள்ளே நிகழப்போவனவற்றை முன்கூட்டியே விளக்கிவிடும் வரைபடம் அது. பொதுவெனப்படும் எதுவும் பொது இடத்தில் இல்லை. அங்கே செல்லும் பிள்ளை, கல்விக்கூடத்திற்குச் செல்வதற்கு முன் பிறர் தெருவிற்குச் செல்கிறது. இரட்டைமலை சீனிவாசனின் விரைந்த நடை இங்கே ஒரு கிராமச் சிறுமியின் அன்றாடமாகிறது. ‘கருக்கு’ பற்றிய கட்டுரைகளில் இவ்வருணனை பெரும்பாலும் ‘மண் மணம்’ என்னும் தலைப்பின்கீழ் அடக்கப்படுவது வருந்தத்தக்கது.

பள்ளியில் நிகழ்ந்ததாக நூல் கூறும் தென்னங்காய் நிகழ்ச்சி பலராலும் எடுத்தாளப்பட்டது. ஏழாம் வகுப்பு மாணவியான கதைசொல்லி மாலையில் பிற பிள்ளைகளோடு விளையாடுகிறாள். தென்னை மரத்தைப் பற்றி ஏறி அதன் உச்சியைத் தொடுவது விளையாட்டு. அவள் தொடும்போது ஒரு குரும்பை விழுகிறது. அதனை அங்கேயே விட்டுவிட்டுப் பிள்ளைகள் கலைகின்றனர். மறுநாள் எல்லா மாணவரும் கூடியிருக்கும்போது தலைமையாசிரியர் அவள் பெயரைச் சொல்லி, திருடியதாகக் குற்றம் சாட்டி, சாதியைச் சுட்டி இழித்துரைத்து வெளியே நிறுத்துகிறார். பங்குத் தந்தையிடமிருந்து கடிதம் கொண்டுவருமாறு அறிவுரை கிடைக்க, அவள் அவரிடம் செல்கிறாள். நடந்ததை முழுவதும் கேட்டபின் அவரும், சேரியைச் சேர்ந்தவள்தானே, செய்திருக்கக்கூடும் என்னும் பொருள்படவே பேசுகிறார்.

தலைமையாசிரியரின் சொல்லே இந்நிகழ்ச்சியின் மையம் எனக் கொள்வது வழக்கம். ஆயினும் நூலின் அமைப்பு வேறொன்றை முதன்மைப்படுத்துகிறது. அவமதிப்பு ஒருவரிடத்தில் தொடங்கி மற்றொருவரிடத்தில் நீதி தேடிச் செல்கிறது. அங்கும் அதே சொல்லைச் சந்திக்கிறது. பின்னர் அனுமதியோடு தொடங்கிய இடத்திற்கே திரும்புகிறது. பள்ளிக்கும் கோயிலுக்கும் இடையிலான அந்த நடையில் சிறுமிக்குக் கிடைக்கும் அறிவு, இரண்டும் ஒரே தெருவில் நிற்கின்றன என்பதே. தொடக்க வருணனையில் கோயிலும் பள்ளியும் அடுத்தடுத்துச் சொல்லப்பட்டமைக்கு இந்நிகழ்ச்சியில்தான் பொருள் நிறைவுறுகிறது. பள்ளி வளாகத்து மரம் யாருடையது என்னும் கேள்வியும் இதில் உள்ளது. நாள்தோறும் விளையாடும்வரை மரம் எல்லாருக்கும் உரியது. காய் விழுந்த கணத்தில் அதற்கு உடைமையாளர் தோன்றிவிடுகின்றனர்.

இதற்கு முன்னரே, மூன்றாம் வகுப்பில் படித்தபோது, தெருவில் கண்ட காட்சியொன்றும் நூலில் வருகிறது. தம் தெருப் பெரியவர் ஒருவர் வடைப்பொட்டலத்தை நூலால் தூக்கிக்கொண்டு சென்று, தொடாமல், மேல்சாதியாரிடம் நீட்டுவதைச் சிறுமி கண்டு சிரிக்கிறாள். வீட்டில் அண்ணன் அதன் பொருளை விளக்கி, நன்றாகப் படித்தால் மற்றவர்கள் தாமே தேடிவருவார்கள் என்கிறார். தலித் தன்வரலாறுகளில் கல்வி விடுதலைக் கருவியாகச் சித்திரிக்கப்படுவதற்கு இவ்விடம் மேற்கோளாகக் காட்டப்படும். அந்த அறிவுரையை நூல் ஏற்றுக்கொள்கிறது. கதைசொல்லி அதன்படி முயன்று முதலிடம் பெறுகிறாள். ஆனால் தென்னங்காய் நிகழ்ச்சி அதன் பின்னரே நடக்கிறது. விடுதிக் காப்பாளராயிருந்த கன்னியர் இச்சாதிப் பிள்ளைகளின் உணவைப் பழித்ததும் அதன் பின்னரே. படிப்பு அவளை உயர்த்தியது. பள்ளி அவளைத் தாழ்த்தியது. படிப்பையும் பள்ளியையும் ஒன்றெனக் கொள்ளும் வாசிப்பு இந்நுட்பத்தைத் தவறவிடுகிறது.

பாமாவின் தமையன் ராஜ் கௌதமன் எழுதிய ‘சிலுவைராஜ் சரித்திரம்’ 2002இல் வெளிவந்தது. ஒரே குடும்பத்தில், ஒரே ஊரில் பிறந்த இருவரின் எழுத்துகள் இவை. ‘கருக்கு’ தன்மையில் சொல்லப்படுகிறது. ‘சிலுவைராஜ் சரித்திரம்’ படர்க்கையில், எள்ளலுடன் நடக்கிறது. ஜெபமும் அடியும் மனப்பாடமும் தேர்வும் சிலுவையின் உலகில் கேலிக்குரியனவாகின்றன. அண்ணன் எழுத்தில் நகைப்பும் தங்கை எழுத்தில் துயரும் மேலோங்குவதை மனநிலை வேறுபாடு என்று மட்டும் கொள்வது எளிது. பையன் ஊர் சுற்றலாம், விடுதிக்குத் தப்பலாம், கேலி பேசலாம். சிறுமிக்கு அவ்வழிகள் இல்லை என்பதும் இங்கே கணக்கில் கொள்ளத்தக்கது. 2024இல் ராஜ் கௌதமன் மறைந்த பின்னரும் இவ்விரு நூல்களையும் இணைத்துப் படிக்கும் முழுமையான ஆய்வுக்கான தேவை குறைந்துவிடவில்லை.

எழுந்து நிற்றல்

கே.ஏ.குணசேகரனின் ‘வடு’ 2005இல் வெளிவந்தது. இளையான்குடிப் பகுதியைக் களமாகக் கொண்ட இந்நூல், இசுலாமியர் மிகுந்த ஊரில் கிடைத்த ஒப்பீட்டளவிலான இயல்பான பழக்கத்தையும், உறவினர் வாழ்ந்த சிற்றூர்களில் கண்ட சாதிக் கடுமையையும் எதிரெதிரே நிறுத்துகிறது. அந்நூலின் பள்ளி நினைவுகளில் ஒன்று, உதவித்தொகைக்காக வகுப்பில் சாதிப் பெயர்களை உரக்கச் சொல்லிக் கணக்கெடுப்பது. உதவி கிடைக்கும் என்னும் எதிர்பார்ப்பும் உடல் கூசும் நாணமும் ஒருசேர நிகழும் கணம் அது. ‘கருக்கு’ நூலிலும் கல்லூரி வகுப்பொன்றில் அரிசன மாணவியர் எழுந்து நிற்குமாறு கேட்கப்படுகின்றனர். அவர்களுக்கெனத் தனி மாலை வகுப்பு ஏற்பாடாகியிருப்பதாக அறிவிக்கப்படுகிறது. இருவர் மட்டும் நிற்கின்றனர். அந்த வகுப்பே தேவையில்லை எனக் கதைசொல்லி மறுக்கிறாள்.

இரட்டைமலை சீனிவாசனின் காலத்தில் அச்சம், எவரேனும் தம்மை அறிந்துவிடுவரோ என்பது. விடுதலைக்குப் பிந்திய பள்ளியில் மறைந்துகொள்ள இடமில்லை. நலத்திட்டத்தின் பயன் பெற வேண்டுமானால் அறியப்பட வேண்டும்; அறியப்படுதல் வகுப்பறையில் எல்லார் முன்னிலையிலும் நிகழ்கிறது. மணியடித்த பின் நுழைந்தவரின் பேரப்பிள்ளைகள் மணியடித்த பின் எழுந்து நின்றனர். உதவித்தொகையின் நோக்கம் நல்லது. அதனைச் செயல்படுத்திய முறை பழைய பெயர்ப்பலகையை வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. பொதுப்பள்ளிக்குள்ளேயே ஒரு தனிப்பள்ளி இவ்வாறு சில நிமிடங்கள் தோன்றி மறைகிறது.

இந்திய மொழிகளின் பிற தன்வரலாறுகளும் இதனை உறுதிப்படுத்துகின்றன. அம்பேத்கர் தம் பள்ளிநாள் நினைவில், தாம் அமர்வதற்கான கோணியைத் தாமே வீட்டிலிருந்து கொண்டுவந்து திரும்ப எடுத்துச் சென்றதையும், பள்ளி ஏவலர் வந்து ஊற்றினாலன்றித் தண்ணீர் கிடையாதிருந்ததையும் குறிக்கிறார். ஓம்பிரகாஷ் வால்மீகியின் ‘ஜூட்டன்’ 1997இல் இந்தியில் வெளிவந்தது. உத்தரப் பிரதேசத்துச் சிற்றூர்ப் பள்ளியில் சிறுவன் வகுப்பறைகளையும் திடலையும் நாள்கணக்கில் பெருக்குமாறு ஏவப்படுகிறான். வழியே வந்த தந்தை அதனைக் கண்டு துடைப்பத்தைப் பிடுங்கி எறிந்து உரக்கச் சண்டையிடுகிறார். கோணி, தண்ணீர், துடைப்பம், தென்னங்காய், எழுந்து நிற்றல் ஆகிய இவையனைத்தும் பொதுப்பள்ளியில், அல்லது எல்லாச் சாதியினரும் படித்த சமயப் பள்ளியில் நிகழ்ந்தவை. சட்டப்படி கதவு திறந்திருந்த இடத்தில்தான் இவ்வடுக்கள் ஏற்பட்டுள்ளன.

எழுதப்படாத பள்ளி

அவ்வாறெனில் சேரியிலேயே நின்ற பள்ளி எங்கே? ஒற்றை ஆசிரியர், ஒற்றைக் கூரை, ஐந்தாம் வகுப்போடு முடியும் படிப்பு எனச் சென்னை மாகாணத்துச் சிற்றூர்களில் பல பத்தாண்டுகள் இயங்கிய லேபர் பள்ளிகளும் அரிசனப் பள்ளிகளும் மேற்கண்ட தன்வரலாறுகளின் மையத்தில் இல்லை. கூலிப் பணத்திலிருந்து மண்ணெண்ணெய் வாங்கி நடந்த இரவுப் பள்ளிகள் இல்லை. அரசு ஆவணத்தில் அவை எண்ணிக்கையாக உள்ளன. இலக்கியத்தில் நினைவாக இல்லை.

இதற்குரிய காரணத்தைத் தன்வரலாறு என்னும் வகைமையின் இயல்பிலேயே தேட வேண்டும். தன்வரலாறு எழுதுவோர் ஊரைவிட்டு வெளியேறிப் பட்டம் பெற்றுப் பணியில் அமர்ந்தவர்கள். அவர்களை வெளியே கொண்டுவந்தவை சமயப் பள்ளிகள், நகர விடுதிகள், கல்லூரிகள். ஐந்தாம் வகுப்போடு நின்று களத்துக்கும் கால்நடைக்கும் திரும்பியோரின் பள்ளி நினைவு அச்சேறவில்லை. பள்ளிக்கே செல்லாத பிள்ளைகளின் உலகைப் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ 2000இல் புனைவாக எழுதிக்காட்டியது. பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட சிறுவர்களின் நாள், மந்தையின் நாளாகவே விடிந்து முடிகிறது. படித்து வெளியேறியோர்க்குத் தன்வரலாறும், படிக்கவே இயலாதோர்க்கு நாவலும் கிடைத்திருக்க, இடையில் நான்கைந்து ஆண்டு மட்டும் படித்த பெருந்தொகையினர்க்கு எவ்வகை எழுத்தும் வாய்க்கவில்லை. சேரிப் பள்ளி அவர்களுடையது.

அமெரிக்கத் தென்மாநிலங்களின் அனுபவத்தை இங்கே ஒப்புநோக்குவது பயன்தரும். கறுப்பின மக்கள் தனித்து வாழவும் தனித்துப் படிக்கவும் சட்டத்தால் கட்டாயப்படுத்தப்பட்ட காலத்தில், புக்கர் டி. வாஷிங்டனின் தூண்டுதலால் ஜூலியஸ் ரோசன்வால்டு என்னும் வணிகர் கிராமப் பள்ளிகளுக்கு நிதியளித்தார். 1912இல் தொடங்கி 1932 வரை 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகள் இவ்வாறு எழுந்தன. நிதியத்தின் பங்கு ஏறத்தாழ 43 இலட்சம் டாலர். பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பினக் குடும்பங்கள் திரட்டித் தந்தது 47 இலட்சம் டாலர். கொடையாளர் பெயரால் வழங்கும் பள்ளிகளுக்குக் கொடையாளரைவிட ஏழை உழவர் தந்தது மிகுதி. 1954இல் பள்ளிப் பிரிவினை சட்டத்துக்கு ஒவ்வாதது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின், பள்ளிகள் இணைக்கப்பட்டபோது கறுப்பினப் பள்ளிகளே பெரும்பாலும் மூடப்பட்டன. கறுப்பின ஆசிரியர் பலர் பணியிழந்தனர். வட கரோலினாவின் காஸ்வெல் மாவட்டப் பள்ளியொன்றைப் பற்றி வனெஸ்ஸா சிடில் வாக்கர் 1996இல் வெளியிட்ட ஆய்வு, முன்னாள் மாணவர்களின் நினைவுகளைச் சேர்த்து, வசதியில் குறைந்த அப்பள்ளி அக்கறையில் குறைந்ததன்று என நிறுவியது. பிரிவினை அநீதி என்பதும், பிரிக்கப்பட்டோர் கட்டிய பள்ளி மதிப்புடையது என்பதும் ஒருங்கே உண்மையாகலாம் என அந்நூல் காட்டியது.

இவ்வொப்புமையை அளவுக்கு மீறி நீட்டலாகாது. அமெரிக்கத் தனிப்பள்ளியில் ஆசிரியரும் அதே சமூகத்தவர். மாலையில் அதே தெருவுக்குத் திரும்புபவர். தமிழகத்துச் சேரிப் பள்ளி பற்றி அவ்வாறு பொதுவாகச் சொல்ல இயலாது. வேற்றுச் சாதி ஆசிரியர் சேரிக்குள் வரத் தயங்குவதும், வந்தாலும் தண்ணீர் அருந்தாமல் திரும்புவதும் இப்பள்ளிகளைப் பற்றிய பேச்சில் மீண்டும் மீண்டும் கேட்கப்படுபவை. எனவே சேரிப் பள்ளியின் நினைவு இனிமையாகவே இருக்கும் என முன்முடிவு கொள்வதற்கு இடமில்லை. அது எவ்வாறிருந்தது என்பதைக் கேட்டறிவதற்கு முன்னரே அதனைத் தீண்டாமையின் எச்சம் என்றோ, நலத்திட்டத்தின் சாதனை என்றோ தீர்ப்பிடுவதே தவறு.

அண்மைக்கால நிகழ்வுகள் இவ்வினாவுக்கு ஓர் அவசரத்தைத் தந்துள்ளன. 2023 மார்ச்சில் வைக்கப்பட்ட தமிழ்நாடு அரசின் வரவுசெலவுத் திட்டத்தில், ஆதிதிராவிடர் நலத்துறை உள்ளிட்ட பல துறைகள் நடத்திய பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கும் அறிவிப்பு இடம்பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவர் உடன்பயின்றோரால் வீடு புகுந்து வெட்டப்பட்டதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட நீதியரசர் கே.சந்துரு குழு, 2024இல் அளித்த அறிக்கையில் பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளங்களை நீக்குமாறு பரிந்துரைத்தது. பெயர்ப்பலகை பற்றிய அயோத்திதாசரின் கவலை ஒரு நூற்றாண்டுக்குப் பின் அரசுக் குழுவின் பரிந்துரையாக ஒலித்தது எனலாம். இணைப்புக்கு ஆதரவும் எதிர்ப்பும் எழுந்தன. தனிப்பள்ளி பிரிவினையை நிலைநிறுத்துகிறது என்பது ஒரு தரப்பு. தங்களுக்கென இருக்கும் இடமும் கட்டடமும் நிதியும் கரைந்துவிடும் என்பது மறுதரப்பு. இவ்விவாதத்தில் நிதிக் கணக்கும் தேர்ச்சி விழுக்காடும் சான்றாயின. அப்பள்ளிகளில் படித்தோரின் நினைவு சான்றாகவில்லை. அச்சில் அது இல்லாதபோது எவரும் அதனை எடுத்துக்காட்டவும் இயலாது.

நாங்குநேரி நிகழ்ந்தது எல்லாச் சாதி மாணவரும் ஒருங்கே படித்த பள்ளியின் தொடர்ச்சியாக என்பதையும் இங்கே மறந்துவிடலாகாது. ‘கருக்கு’ காட்டிய தெருவும் பள்ளிக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட அந்தப் பாதையும் முப்பதாண்டுகளுக்குப் பின் வேறொரு மாவட்டத்தில், மாணவர் வீட்டு வாசல்வரை நீண்டன.

சேரிப் பள்ளிகளின் நினைவைத் திரட்டுவதற்கான மூலங்கள் இல்லாமலில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் சேர்க்கைப் பதிவேடு ஒன்று உண்டு. பிள்ளையின் பெயர், தந்தை பெயர், சாதி, பிறந்த நாள், சேர்ந்த நாள், நீங்கிய நாள் என ஒரு வரியில் ஒரு வாழ்வின் தொடக்கம் அதில் அடங்கும். பல பிள்ளைகளின் பிறந்த நாள் ஆசிரியர் குத்துமதிப்பாக இட்டதே. அந்நாளே பின்னர் அவர்களின் எல்லாச் சான்றிதழ்களிலும் நிலைத்தது. நீங்கிய நாள்கள் அறுவடை மாதங்களில் குவிகின்றனவா, பெண்பிள்ளைகளின் பெயர்கள் எந்த வகுப்போடு நின்றுபோகின்றன, ஒரே வீட்டிலிருந்து அடுத்தடுத்த தலைமுறைப் பெயர்கள் எப்போது தோன்றத் தொடங்குகின்றன என்பனவற்றை அப்பதிவேட்டிலிருந்து அறியலாம். அவ்வரிகளுக்கு உரியோருள் பலர் இன்று முதுமையில் உள்ளனர். பள்ளிகள் துறை மாறும்போதும் கட்டடங்கள் இடிக்கப்படும்போதும் முதலில் இடம்பெயர்பவை பழைய பதிவேடுகளே. ‘கருக்கு’ நூலின் முதல் பக்கங்களில் வரும் தெரு வரைபடத்தோடு வைத்துப் படிக்கவேண்டிய சுவடிகள் அவை.